அண்ணை பாப்பார்

கேள்வி: படகு எஞ்சின் திருத்தும் வேர்க்‌ஷொப் ஒன்றில் 11 வருடமாக வேலை செய்கிறேன். வயது 34. இந்தத் தை மாதம் முதலாளி என்னைப் பொறுப்பாக்கினார். எனக்குக் கீழே ஆறு பேர். அதில் ஒருவர் எனக்குத் தொழில் பழக்கியவர், என்னைவிட 20 வயது மூத்தவர். ‘திருகோணமலையிலேயே முதல்தரமான இடம் என்று பேர் எடுக்க வேணும்’ என்பதுதான் முதலாளியின் ஒரே சொல். எனக்கும் அதுதான் ஆசை. காலை ஏழு மணிக்கே வந்துவிடுவேன். நாலரைக்கு எல்லாரும் போன பிறகு, அன்றைக்கு முடித்த எஞ்சின்களை நானே திரும்பத் திறந்து பார்த்துச் சரிசெய்து வைத்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்குப் போவேன். அப்படியிருந்தும் போன மாதம் மூன்று எஞ்சின் திரும்பி வந்தது. ஒன்று கடலில் நின்று, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. பொடியன்களுக்கு ஒரு கவலையும் இல்லை. கேட்டால் ‘நீங்கள் பாப்பீங்கள்தானே அண்ணை’ என்று சிரிக்கிறார்கள். நான் இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்தும் இவர்களுக்கு ஏன் உறைக்கவில்லை? ஒருவனை நிற்பாட்டினால் மற்றவர்கள் திருந்துவார்களா? எஞ்சின் கணக்குக்குப் போனஸ் கொடுக்கலாமா? மனைவியும் கோபத்தில் இருக்கிறா. இதை எழுதி முடித்ததும் ஸ்டாண்டில் இருக்கும் கிண்ணியாப் படகின் 40 குதிரைவலு எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும்.

– தலைமை மெக்கானிக், திருகோணமலை

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது பாவமாக இருந்தது. இரண்டாம் தரம் வாசித்தபோது ஒரு வசனத்தில் கண் நின்றுவிட்டது. ‘நீங்கள் பாப்பீங்கள்தானே அண்ணை.’ இதை நீங்கள் நக்கல் என்று எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. உங்கள் வேர்க்‌ஷொப்பில் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பொடியன் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். வேலை நாலரைக்கு அவன் கையில் முடிவதில்லை, இரவு ஒன்பதுக்கு உங்கள் கையில்தான் முடிகிறது. இதை ஆறு மாதத்தில் ஆறு பேரும் நன்றாகப் படித்துவிட்டார்கள். பின்னால் ஒருவர் விளக்குமாறோடு வருகிறார் என்று தெரிந்தால் யார் குனிந்து குப்பை பொறுக்குவார்?

அதைவிட மோசமானது, பிழை விட்டவன் தன் பிழையைக் கண்ணால் காண்பதே இல்லை. அவன் தளர்வாக விட்ட போல்ட்டை இரவு எட்டு மணிக்கு நீங்கள் காண்கிறீர்கள், இறுக்குகிறீர்கள், ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறீர்கள். (ஏன் சொல்வதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் சண்டை வேண்டாம் என்றுதான் இருக்கும்.) மறுநாள் எஞ்சின் நன்றாக ஓடுகிறது, படகுக்காரர் சிரித்த முகத்தோடு ஏற்றிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்து நிற்கும் பொடியனுக்கு என்ன விளங்கும்? தான் செய்தது சரி என்றுதான் விளங்கும். இரவில் தினமும் நாலரை மணித்தியாலம் மினக்கெட்டு, பிழையாக வேலை செய்ய நீங்களே அவர்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியென்றால் அந்த மூன்று எஞ்சினும் எப்படித் தப்பிப் போனது என்று கேட்பீர்கள். காலை ஏழிலிருந்து நிற்கிற மனிசனின் கண் இரவு எட்டரைக்கு எதைக் காணும்?

இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நானும் இதே ஆள்தான். 90களில் வளைகுடாவில் ஒரு படகு யார்டில் ஐந்து பேருக்குப் பொறுப்பாக இருந்தேன். இரவில் டோர்ச் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு அவர்கள் முடித்த வேலையை எல்லாம் திரும்பப் பார்ப்பேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன். நான் இல்லாவிட்டால் இந்த இடம் நடக்காது என்ற பெருமை. ஒரு நாள் எங்கள் ஃபோர்மன், வயதான மலையாளி, வந்து டோர்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டார். “நாளைக்கு ட்ரயலுக்கு யார் போகிறது?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். “பூட்டினவன் கரையில் நிற்பான், நீ கடலில் நிற்பாய். நல்ல ஏற்பாடு” என்று சொல்லிவிட்டு டோர்ச்சோடு போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து பூட்டினவனே ட்ரயலுக்குப் போக வேண்டும் என்று ஆயிற்று. முதல் நாள் போன பொடியன், படகில் கால் வைப்பதற்கு முன் யாரும் சொல்லாமல் ஸ்பானரைத் திரும்ப எடுத்துக்கொண்டு எஞ்சினடிக்குப் போனான். பத்து நிமிடம் அங்கே நின்றான். நான் எத்தனையோ மாதம் இரவிரவாகப் பார்த்தும் நடக்காத காரியம் அது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இழுத்து வந்த எஞ்சின் எதனால் நின்றது என்று எழுதவில்லை. ஊகித்துச் சொல்கிறேன்: தண்ணீர் துப்பாமல் சூடேறியிருக்கும். உங்களுக்கு நான் தொழில் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போட் எஞ்சினைக் குளிர்விப்பது கடல்தண்ணீர். அதை மேலே ஏற்றுவது, கீழ்ப்பகுதியில் இருக்கும் உள்ளங்கை அளவு றபர்ச் சக்கரம், இம்பெல்லர். அதைத் தண்டோடு பிடித்துச் சுற்ற வைப்பது அரைநிலா வடிவில், நகத்தளவு ஒரு கீ. தண்ணிப் பம்பின் மூடியை இறக்கும்போது அந்தக் கீ வழுக்கி விழுந்துவிடும். விழுந்தாலும் போல்ட் எல்லாம் ஒழுங்காக ஏறும், மூடி ஒழுங்காக இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தண்டு சுற்றும், சக்கரம் சுற்றாது. தெரிந்தவன் கீயில் துளி கிறீஸ் தொட்டு ஒட்டிவைத்து, தண்டை வலம் சுழியாகத் திருப்பிக்கொண்டே மூடியை மெல்ல இறக்குவான். றபர் இதழ்கள் சரியான பக்கம் மடியும். தெரியாதவன் அமத்திப் பூட்டுவான். இரண்டு எஞ்சினும் பார்வைக்கு ஒன்றுதான். நீங்கள் இரவில் எத்தனை தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் கீ இருக்கிறதா என்று தெரியாது. திரும்பக் கழற்ற வேண்டும், அல்லது பெரலில் தண்ணீர் விட்டு ஓட்ட வேண்டும்.

இனி ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஆறு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, “தண்ணிப் பம்ப் வேலை எப்போது முடிந்தது என்று சொல்லுவாய்?” என்று கேளுங்கள். ஆறு விதமான பதில் வரும். ஒருவனுக்கு மூடி பூட்டினால் முடிந்தது. இன்னொருவனுக்கு ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்டால் முடிந்தது. ‘அண்ணை பார்த்தால் முடிந்தது’ என்பவனும் இருப்பான். முதல்தரம் என்று முதலாளி சொல்கிறாரே, அதற்கு உங்கள் இடத்தில் இன்னும் உருவமே இல்லை. பெரலில் பத்து நிமிடம் ஓட வேண்டும், தண்ணீர் அறாமல் துப்ப வேண்டும், அந்தத் தண்ணீரில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், புரொப்பெலர் நட்டு கழராமல் பிடிக்கும் கொட்டர் பின்னின் இரண்டு காலும் மடிந்திருக்க வேண்டும். பிறகு செய்தவன் தன் பெயரை ஒரு அட்டையில் எழுதி எஞ்சினில் கட்ட வேண்டும். அப்போதுதான் முடிந்தது. இப்படிக் கையால் தொட்டுப் பார்க்கக் கூடியதாகச் சொன்னால்தான் பதினெட்டு வயதுப் பொடியனுக்கும் முதல்தரம் என்றால் என்ன என்று தெரியும்.

அட்டை, பட்டியல் என்றதும் உங்களுக்குத் தொழில் பழக்கிய பெரியவர் முகத்தைச் சுளிப்பார். ‘முப்பது வருஷமா எஞ்சின் பூட்டுறன், எனக்கு லிஸ்ட்டா?’ என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1935 ஒக்டோபர் 30, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம். போயிங் செய்த நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று, மாதிரி 299, சோதனைப் பறப்பில் மேலே ஏறியதும் விழுந்து எரிந்தது. இருவர் செத்துப்போனார்கள். ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, தேர்ந்த சோதனை விமானி. எஞ்சினிலும் பிழையில்லை. தரையில் நிற்கும்போது காற்றுக்கு வால்பக்கத் தகடு ஆடாமல் இருக்க ஒரு பூட்டு இருக்கும். அதைத் திறக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். விமானிகளுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று மற்றச் சோதனை விமானிகள் சொல்லவில்லை, ஒரு சின்னப் பட்டியல் எழுதினார்கள். இன்றைக்குச் சீனன்குடாவில் பறக்கப் பழகும் விமானப்படைப் பொடியனிலிருந்து உலகத்தில் எவரும் அப்படி ஒன்றைச் சரிபார்க்காமல் மேலே ஏறுவதில்லை. தொழில் தெரியாதவனுக்காக வந்த பட்டியல் இல்லை அது. தொழில் கைவந்தவனின் கைதான் யோசிக்காமல் ஓடும், அதனால் மறக்கும்.

ஆனால் ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. நாற்பது வரியில் பட்டியல் எழுதிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். பிளேன்டீ குடித்துக்கொண்டே நாற்பதுக்கும் சரி போட்டுவிடுவார்கள். மறக்கக் கூடிய இடம் மட்டும் இருந்தால் போதும்.

அந்தப் பட்டியலை நீங்கள் எழுதாதீர்கள். பெரியவரைக் கொண்டு எழுதுவியுங்கள். வேர்க்‌ஷொப்பில் வைத்து, பொடியன்களுக்கு முன்னால் கேட்க வேண்டாம். ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போங்கள். நேற்றுவரை ‘டேய்’ என்று கூப்பிட்ட பொடியன் இன்றைக்குத் தனக்கு வேலை சொல்கிறான் என்ற குடைச்சல் அவருக்குள் இருக்கும். நீங்கள் போய் உட்கார்ந்து, “அண்ணை, எங்கட பொடியன்கள் எதை எதை மறக்கிறாங்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேணும்” என்று கேட்டால் பாதிக் குடைச்சல் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். மிச்சப் பாதி இருக்கும், அதை நீங்கள் தாங்கத்தான் வேண்டும். அவரிடம் உங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, காது. பெரலில் எஞ்சின் ஓடும்போது கடைசியாகச் சத்தம் கேட்கும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள். ஒரு நிபந்தனை மட்டும்: சத்தம் பிழையென்றால் பூட்டியவனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டுமே தவிர, தானே கழற்றக் கூடாது. இல்லாவிட்டால் ‘அண்ணை பாப்பார்’ போய் ‘பெரியண்ணை பாப்பார்’ வந்துவிடும்.

அடுத்தது திரும்பி வரும் எஞ்சின். அட்டையில் யார் பெயரோ அவனிடமே அது போக வேண்டும். படகுக்காரரையும் அவன் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பிளேன்டீ கொடுங்கள். அவர் வாயாலேயே கதை வரட்டும். கொட்டியாரக்குடாவுக்குள் நின்றதென்றால் யாராவது காண்பார்கள், வெளிக்கடலில் நின்றால்? இழுத்து வந்தவரும் தன் வலையை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். அன்றைய எண்ணெய், ஐஸ், கூட வந்தவரின் பங்கு என்று அவர் விரல் மடித்துச் சொல்லும்போது பொடியன் தலை குனிந்து கேட்டுக்கொண்டு இருப்பான். நீங்கள் ஏச வேண்டிய தேவையே வராது. ஏசவும் வேண்டாம். (இன்னொன்று: கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் எஞ்சினைப் பாதையில், அதாவது ஆட்களையும் வண்டிகளையும் கடத்தும் மிதவையில், ஏற்றித்தான் இந்தக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவர் ஒருதரம் பிழை நடந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். இப்போது பாலத்தில் எஞ்சினோடு வருகிற லான்ட்மாஸ்டர் உங்கள் வாசலில் நிற்காமல் அடுத்த கராஜுக்குப் போக எவ்வளவு நேரம்?)

சம்பளத்தில் வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. வெட்டினால் பிழை குறையாது, பிழைச் செய்தி வருவதுதான் குறையும். ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன் என்ற பெண்மணி, 1990களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கெடுத்தால் அங்கேதான் கூட. தோண்டிப் பார்த்தபோது விஷயம் வேறு. அந்த வார்டுகளில் தாதியர் நடந்ததை வாய்விட்டுச் சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மூடிவிட்டார்கள். உங்கள் பொடியன்களில் ஒருவனாவது இந்த ஆறு மாதத்தில் தானாக வந்து ‘அண்ணை, நான் அந்த எஞ்சினில் ஒரு பிழை விட்டிட்டன்’ என்று சொல்லியிருக்கிறானா? இல்லையென்றால் அதுதான் மூன்று எஞ்சினைவிடப் பெரிய பிரச்சினை.

அதற்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் விளையாட்டுப் போலத் தெரியும். சுவரில் ஒரு பலகை அடித்து, ஆணி வரிசையாக இறக்குங்கள். கருகின இம்பெல்லர், மடிக்காமல் விட்டு அறுந்த கொட்டர் பின், விழுந்து கிடந்த கீ, எது பிழையில் கழன்று வந்தாலும் அதில் தொங்கட்டும். திகதி மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். ஆனால் முதல் ஆணியில் உங்கள் பிழை தொங்க வேண்டும், அதில் மட்டும் உங்கள் பெயர் இருக்கட்டும். 11 வருடத்தில் ஒன்றாவது இருக்கும். எல்லாரையும் கூப்பிட்டு, அது எப்படி நடந்தது என்று நீங்களே சொல்லித் தொங்க விடுங்கள். கூச்சமாக இருக்கும், தெரியும். நான் செய்தபோது பெரியதொரு பிஸ்டனைத் தொங்கவிட வேண்டியிருந்தது, ஆணியும் வளைந்துவிட்டது.

ஒருவனை நிற்பாட்டினால் மற்றவர்கள் திருந்துவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படுவார்கள். பிழை விடுகிறவனை நிற்பாட்ட வேண்டாம். பெரலில் ஓட்டாமலே ஓட்டியதாக அட்டை கட்டுகிறவனை இரண்டாம் தரம் வைத்திருக்கவும் வேண்டாம். எஞ்சின் கணக்குக்குப் போனஸ் கேட்கவே பயமாக இருக்கிறது, பெரலில் பத்து நிமிடம் ஓட்டுவதுதான் முதலில் போகும். காசு கொடுக்க முதலாளிக்கு மனமிருந்தால் திரும்பி வராத மாதத்துக்கு ஆறு பேருக்கும் சமமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முதலாளியைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. நான் கேட்கிறேன்: முதல்தரம் என்கிற அதே மனிசன்தானே வருகிற எல்லாருக்கும் ‘பின்னேரம் எடுக்கலாம்’ என்று வாக்குக் கொடுக்கிறார்? சீசன் நேரம் இது. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றும் நிலாவெளிப் படகுக்காரர் நாலு மணிக்கு வாசலில் நின்று சத்தம் போடுகிறார். எஞ்சின் இன்னும் பெரலில் ஓடவில்லை. அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஆறு சோடிக் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும். ‘சரி, ஏத்துங்கோ’ என்று ஒருதரம் சொன்னால் சுவரில் இருக்கும் பட்டியல் அன்றோடு வெறும் கடதாசி. ‘சனத்தை ஏத்துற படகு ஐயா, நாளைக்குக் காலமை ஆறுக்கு நானே கொண்டுவந்து பூட்டித் தாறன்’ என்று சொல்லி அவருடைய ஏச்சை நீங்கள் வாங்கிக்கொண்டால் பொடியன்களுக்கு அதற்குப் பிறகு பிரசங்கம் தேவையில்லை. ஆனால் அந்த ஏச்சு முதலாளியிடமிருந்தும் வரும். அதனால் முன்கூட்டியே அவரோடு கதைத்து, பெரலில் ஓட்டும் நேரத்தை வேலைக் கணக்கில் சேர்க்க வையுங்கள். போல்ட் இறுக்கும் அளவு காட்டுகிற டோர்க் ஸ்பானர் நல்லதாக ஒன்றும் கேளுங்கள். கையால் ‘மட்டுக்கு’ இறுக்குவதில் ஆறு பேருக்கும் ஆறு மட்டு இருக்கும்.

இதெல்லாம் செய்தால் உங்கள் உழைப்பு குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரவு நாலரை மணித்தியாலத்தைப் பகலுக்குக் கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எஞ்சினைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒருவன் பக்கத்தில் இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள். அவன் கீயில் கிறீஸ் தொடுகிறானா என்று பாருங்கள். தொட்டால், ‘நல்லாச் செய்யிறாய்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘அந்தக் கிறீஸ் தொட்டது சரி’ என்று சொல்லுங்கள். தொடாவிட்டால் ஸ்பானரைப் பறிக்காமல் ‘இது விழுந்தால் எப்படித் தெரியும்?’ என்று மட்டும் கேளுங்கள். பறிக்கக் கை துடிக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் பழகினேன். முதல் இரண்டு மூன்று கிழமை நிலைமை இன்னும் மோசமாகத் தெரியும். இதுவரை இரவில் நீங்கள் மூடி மறைத்ததெல்லாம் பகலில் வெளியே வரும். முதலாளிக்கு அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மனைவியின் கோபத்துக்கு நான் மருந்து எழுதப் போவதில்லை. ஐந்தரைக்கு வீட்டு வாசலில் நின்றால் அவவே சொல்லுவா.

கிண்ணியாக்காரரின் அந்த 40 குதிரைவலு எஞ்சினை இந்நேரம் திறந்து பார்த்து மூடியும் இருப்பீர்கள், அது போகட்டும். வருகிற திங்கட்கிழமை முடிகிற முதல் எஞ்சினைப் பூட்டியவனே பெரலில் ஓட்டட்டும், பெரியவர் காது கொடுக்கட்டும், அட்டையைக் கட்டட்டும். நாலரைக்கு வேர்க்‌ஷொப் திறப்பைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணும்போது அந்த எஞ்சின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருக்கும். பார்க்கலாம். இறங்க வேண்டாம்.